உதடு தெரியணும்

டிவியில் அப்பாவின் முகம் வந்ததும் அம்மா, "இது யாருடா?" என்றாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. கன்னம் இரண்டும் இழுபட்டு, யாரோ ஒரு குண்டு மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார். சத்தம் என்று பார்த்தால் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான். அதில் கோளாறு இல்லை. அம்மாவுக்குக் காது போன நாளிலிருந்து அப்பா அவளிடம் குரலெடுத்துப் பேசியதே கிடையாது. இரண்டு பேரும் வெறும் உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாலும் அக்காவுக்கும் எனக்கும் ஒன்றும் பிடிபடாது. எங்களைப் பற்றித்தான் ஓடுகிறது என்பது மட்டும் அவர்கள் சிரிக்கிற சிரிப்பில் தெரியும்.

ஆக, ஆஸ்பத்திரியில் எங்கள் பழைய வீடியோ கேமராவை எதிரில் வைத்துத் தானே பிடித்த அந்தக் கேசட்டில் அப்பா கடைசியாக என்ன சொல்லிவைத்தார் என்று படிக்க உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளுக்கு உதடு தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா காரோடு வருகிறாள், அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போக. நான் விடமாட்டேன் என்கிறேன். அப்பா போனதிலிருந்து போனில் இதே சண்டை. "அவர் சொல்லியிருப்பார். அவர் சொன்னபடி செய்றேன்" என்று அம்மா முடித்துவிட்டாள். எனக்கு அம்மா வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பூட்டிய வீட்டைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே போக எனக்குப் பயம். ஆனால் அப்பாவுக்கு அக்கா என்றால் உயிர். என்ன சொல்லித் தொலைத்திருப்பாரோ.

ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் அப்பா மூக்கோடு முடிந்துபோனார். இன்னொன்றில் இன்னும் குண்டானார். கேமராவிலேயே போட்டுப் பார்க்கலாம் என்றால், அதன் குட்டித் திரை என்றைக்கோ செத்துவிட்டது. பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் பறந்தேன்.

கேசட்டை ஃபைலாக மாற்றித் தருகிற கடைக்காரரை எல்லோரும் டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுச்சு?" என்றார் டைரக்டர்.

"டிவியில எங்கப்பா வீங்கிப்போய் இருக்காருங்க."

"அது நான்தான் இழுத்து விட்டேன். பழைய படம் அகலம் கம்மி. அப்படியே விட்டா ரெண்டு பக்கமும் கருப்பா நிக்கும். பாதி டிவியைக் காணோம்னு எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க."

"நான் வரமாட்டேன். எங்கப்பாவை இழுக்காதீங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி மாற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இரண்டு பக்கமும் கருப்பு, நடுவில் அப்பா அப்பாவாகவே இருந்தார். அம்மா சேரை முன்னால் இழுத்துப் போட்டாள். ஆனால் அவர் வாயைத் திறந்ததும் உதடு கோடு கோடாகக் கிழிந்தது.

"வாயில சீப்பை வச்ச மாதிரி இருக்குடா."

திரும்பவும் கடை. டைரக்டர் எதையோ தட்டிக் கோடுகளை வழித்துத் துடைத்துக் கொடுத்தார். திரும்பவும் வீடு. கோடு போயிருந்தது. ஆனால் உதட்டுக்குப் பின்னால் இன்னொரு உதடு நிழலாக அசைந்தது.

"ரெண்டு வாய் இருக்கு. எந்த வாயை நம்புறது?" என்றாள் அம்மா.

இதற்குள் அக்கா போனில், ஊருக்குள் நுழைந்துவிட்டேன் என்றாள். கடைக்கே வரச் சொன்னேன். அம்மாவை வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோய் டைரக்டரின் கம்ப்யூட்டருக்கு எதிரிலேயே இறக்கினேன். "பார்க்கப்போறது இவங்க. இவங்க சரின்னு சொன்னாத்தான் சரி."

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "பழைய கேமரா ஒவ்வொரு படத்தையும் பாதி பாதியாத்தான் பிடிக்கும். ரெண்டு பாதிக்கும் நடுவுல வாய் நகர்ந்துடுது. ஒட்டவச்சா கிழியுது, குழைச்சா ரெண்டாத் தெரியுது. ஒட்டாம ஒவ்வொரு பாதியையும் தனிப் படமா விட்டுடலாம். ஃபைல் பெரிசாகும், நேரம் பிடிக்கும். அதனால நான் யாருக்கும் செய்யறதில்ல."

"செய்ங்க."

திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். படம் சரியாகவே வராமல் போய்த் தொலைந்தால்கூட நல்லது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அக்கா வந்து அம்மாவின் முன்னால் நின்று, "கிளம்பலாமாம்மா?" என்றாள். அம்மா கையைக் காட்டி அவளை ஒதுங்கச் சொன்னாள். படம் ஓட ஆரம்பித்திருந்தது.

சின்னதாக, சுத்தமாக அப்பா. அவர் உதட்டோடு அம்மாவின் உதடும் அசைந்தது. ஓரிடத்தில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அப்பாவின் கை கேமராவை நோக்கி நீண்டதும் படம் முடிந்தது.

"என்னம்மா சொன்னார்?" அக்காவும் நானும் ஒன்றாகக் கேட்டோம்.

"கேமரா ஓடுதா இல்லையான்னு தெரியலையாம். அதைத் திட்டியே பாதி நேரம் போச்சு."

"அப்புறம்?"

"'உன்கிட்ட நிறையச் சொல்லணும். இந்தப் பாழாப்போன டப்பாகிட்ட எதுக்கு? வீட்டுக்கு வந்துடுவேன்ல, நேர்ல சொல்றேன்'கிறார். அவ்வளவுதான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டைரக்டர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நீ கிளம்பும்மா. நான் வீட்லயே இருக்கேன். வர்றேன்னு சொன்ன மனுஷன், வீட்ல ஆள் இல்லேன்னா தவிச்சுப்போயிடுவார்" என்றாள்.

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை.

"இன்னொரு தடவை போடுப்பா" என்றாள் அம்மா.

இந்த முறை அப்பா பேசி முடிக்கும்வரை அவள் உதடு அசையவில்லை. அவர் கையை நீட்டும்போதுதான், குரலே இல்லாமல், ஏதோ பதில் சொன்னாள்.

"என்னடா சொல்றாங்க?" என்று அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியலக்கா" என்றேன்.