மாண்ட்ரியாலிலிருந்து போட்ட விளக்கு

மகள் ஜுமானா மாண்ட்ரியாலிலிருந்து ஸ்மார்ட் சுவிட்சுகள் அனுப்பியிருந்தாள். மாலை ஐந்துக்கு அங்கிருந்தே என் விளக்கைப் போடுவாள். எரியாவிட்டால், தனியாக இருந்தது போதும் என்று அந்தப் பனிக்குள் என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

எங்களுடையது பெய்ரூட்டின் பழைய கட்டடம். சுவிட்ச் பெட்டியில், ஸ்மார்ட் சுவிட்சுக்குக் கட்டாயம் வேண்டிய நியூட்ரல் கம்பியே கிடையாது. எலக்ட்ரீசியன் சார்க்கிஸ் சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டிலிருந்து இழுத்துவிட்டான். "எல்லாம் ஒரே கரண்டுதானே மாமா!"

நாலரையிலிருந்து நடந்து நடந்து என் செருப்பில் ஒன்று தேய்ந்தே போனது. ஐந்தடித்தது. என் வீடு இருட்டு. சுவருக்கு அந்தப்பக்கம் ஒடெட் அம்மாள், மகள் பெயரால் என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள்: "அபூ ஜுமானா! என் சரவிளக்கு தானா எரியுது!"

போனும் கையுமாக ஓடி, அவள் சோபாவில் உட்கார்ந்து, எரியும் விளக்கை வீடியோவில் மகளுக்குக் காட்டினேன்.

"பிரமாதம்பா! பியானோ எப்ப வாங்குனீங்க?"

"போன வாரம்."

இப்போது தினமும் ஐந்து மணிக்கு ஒடெட் வீட்டில் பியானோ கற்கிறேன்.