அதிபரவளைவு பிடிபட்ட கதை

1.

இது எனக்குச் சொந்தமான கதை அல்ல. கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முந்தின காலத்தில், ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் 'பாதை' என்ற மிதவைக்காகத் துறையில் காத்து நின்றபோது, பாயிஸ் என்ற மீன் வியாபாரி எனக்குச் சொன்னது. ஒரு சஞ்சிகை போர்க்காலச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டதால் இப்போது எழுதுகிறேன். "வாசகரின் நெஞ்சு உருகவேணும்" என்று அதன் ஆசிரியர் தொலைபேசியில் இரண்டு தரம் சொன்னார். என்னிடமிருந்த கதையில் உருகியது ஐஸ் மட்டும்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கதை விளங்க அதிபரவளைவு விளங்கவேண்டும். நானோ கலைப்பிரிவில் படித்தவன். பக்கத்து வீட்டில் உயர்தரம் படிக்கும் அசனாவிடம் கணிதப் புத்தகத்தை இரவல் வாங்கினேன். இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து உள்ள தூரங்களின் வித்தியாசம் மாறாதபடி இயங்கும் புள்ளியின் ஒழுக்கே அதிபரவளைவு என்று அதில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒழுக்கு எங்கள் வீட்டுக் கூரையில் இருப்பதுதான். அதுவும் மாறாதது.

2.

முதல் வரியை எழுதிப் பார்த்தேன்.

திருகோணமலைக் கடல் அன்று அமைதியாக —

[வேண்டாம். எங்கள் ஊர்க் கதைகளில் முதல் வரியில் கடல் அமைதியாக இருக்கும், இரண்டாம் பக்கத்தில் ஏதாவது வெடிக்கும். வாசகருக்கும் பழகிவிட்டது. கடல் அமைதி என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறார்.]

x²/a² − y²/b² = 1 என்ற சமன்பாட்டை உற்று நோக்கும் எவரும் —

[எவரும் நோக்கமாட்டார்கள்.]

பாரைமீனுக்குக் கணிதம் தெரியாது.

[இது நல்ல வரி. ஆனால் இதில் தொடங்கினால் மீன்தான் கதாநாயகன் என்று நினைத்துவிடுவீர்கள். பாயிஸ் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.]

3.

கதாநாயகன் பாக்கியரத்தினம் சேர். வீடு அன்புவழிபுரத்தில். கண்டி வீதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் ஒரு வருசம், அங்கே கணிதம் படிப்பித்தவர் வெள்ளிக்கிழமை "திங்கக்கிழமை சந்திப்பம்" என்று சொல்லிவிட்டுக் கனடா போய்விட்டார். அதிபர் ஆசிரியர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பாக்கியம், புவியியலிலையும் கோடு கீறுறதுதானே?"

உயர்தர வகுப்புக் கணிதம் சேரின் தலையில் விழுந்தது இப்படித்தான்.

சேருக்குக் கோடு நன்றாகவே வரும். வில்லங்கமே அதுதான். அடுத்த பாடம் அதிபரவளைவு. வீட்டிலிருந்து ஒரு பெரிய தாளில் படத்தைக் கீறினார். இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு, இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் வெறுமையாகக் கிடந்தது. இருபது வருசம் தேசப்படம் கீறிய கை அதைச் சும்மா விடவில்லை. நீலப் பென்சில் எடுத்து அலை அலையாகக் கீறிக் கடலாக்கிவிட்டது. இரு கரையிலும் குவியங்களுக்குக் கறுப்புப் புள்ளி. பக்கத்தில் F, F'. நடுக்கடலில் இரண்டு அணுகுகோடுகளும் ஒன்றையொன்று வெட்டி ஒரு பெரிய பெருக்கல் குறி. கீழே சமன்பாடு.

துறைமுகம் உள்ள ஊரில், சண்டை நடக்கிற காலத்தில், அந்தத் தாளைச் சைக்கிள் பையில் வைத்துக்கொண்டு அவர் பள்ளிக்கூடம் புறப்பட்டார்.

4.

கப்பல்துறைப் பக்கம் ஆமியின் சோதனைச் சென்றி ஒன்று. பையைத் திறந்த ஆமிக்காரன் தாளை விரித்தான். பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் சேரை உள்ளே கொட்டிலுக்குக் கூட்டிப் போனான்.

அந்த நாளில் அப்படி உள்ளே போனவர்கள் எல்லாரும் வெளியே வரவில்லை. இந்த வசனத்தை இந்தக் கதையில் ஒரு தரம்தான் எழுதுவேன். மற்ற இடங்களில் நீங்களாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஓர் அதிகாரி இருந்தார்.

[இவரோடு நான் பட்ட பாடு. முதலில் மீசை வைத்து எழுதினேன். மீசை மட்டுமே கதைத்தது. பிறகு கண்ணாடி போட்டுவிட்டேன். கணிதம் தெரிந்தவர் போலாகிக் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. கடைசியில் பாயிஸ் சொன்னபடியே விட்டேன்: வயது குறைந்தவர், நித்திரை குறைந்தவர்.]

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. சேருக்குச் சிங்களம் தெரியாது. இருவரிடமும் இருந்த ஆங்கிலம் பெயரும் ஊரும் சொல்லி முடிய முடிந்துவிட்டது. வெளியே மீன் லொறியோடு சோதனைக்கு நின்ற பாயிஸை மொழிபெயர்க்க இழுத்து வந்தார்கள். அவர் கந்தளாய்ச் சந்தைக்குப் பாரை கொண்டுபோகிறவர். அவருடைய சிங்களம் முழுவதும் அந்தச் சந்தையில் பொறுக்கியது.

5.

"சேர், இது எந்த எடம் எண்டு கேக்காரு."

"இடமில்லைத் தம்பி. அதிபரவளைவு."

அதிபர் என்றால் பள்ளிக்கூடத்துப் பெரிய சேர் என்று பாயிஸுக்குத் தெரியும். 'பெரிய சேரின் வளைவு' என்று மொழிபெயர்த்தார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பெரிய சேர் இப்ப எங்க இருக்காராம்?"

"அதிபரோ? பள்ளிக்கூடத்திலதான். ஏன்?"

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டு F என்ற புள்ளியில் விரலை வைத்தார்.

"அது குவியம்" என்றார் சேர். "அங்கால இருக்கிறதும் குவியம்."

பாயிஸ் யோசித்தார். சந்தையில் நெத்தலியைக் குவித்துத்தான் விற்பார்கள். ரெண்டு கரையிலும் குமிச்சு வச்சிருக்காங்களாம் என்று சொன்னார். வாசலில் நின்றவன் துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான்.

"என்னத்தைக் குமிச்சிருக்கு எண்டு கேக்காரு சேர்."

"ஒண்டையும் குமிக்கேல்லைத் தம்பி. வெறும் புள்ளி." சேருக்கு வியர்த்தது. பேச்சை மாற்ற நினைத்துக் கோட்டைக் காட்டினார். "இஞ்ச பாருங்கோ, இது அணுகுகோடு. வளைவு இதுக்குக் கிட்டக் கிட்ட வரும். ஆனா ஒருநாளும் முட்டாது."

"ஏன் முட்டாது? ஆர் மறிக்கிற எண்டு கேக்காரு."

"ஒருத்தரும் மறிக்கேல்லை. அதின்ர சுபாவம் அப்பிடி."

அதிகாரி சமன்பாட்டுக்கு வந்தார். a என்ற எழுத்தைப் படத்தில் தேடினார். வளைவு அச்சை வெட்டும் இடத்தில் இருந்தது. b யைத் தேடினார். இல்லை.

"b எங்க?"

"b வளைவில வராது."

"ஓடிட்டானா எண்டு கேக்காரு."

"b ஒரு ஆளில்லைத் தம்பி."

'ஆள் இல்லை' என்று பாயிஸ் சொன்னார். அதிகாரி குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்.

"எப்ப மவுத்தானாம் சேர்?"

[சஞ்சிகை ஆசிரியருக்கு: உங்கள் இதழுக்குத் தேவையான மரணம் இதோ வந்துவிட்டது. b இறந்துவிட்டார்.]

6.

வெளியே லொறியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. பாயிஸுக்குப் பொறுமை போனது.

"சேர், குறை நினைக்காதீங்க. எனக்கு மீன், ஐஸ், றாத்தல், குடும்பம் இவ்வளவுக்குத்தான் சிங்களம் ஏலும். இதுக்குள்ள சொல்லுங்க. இல்லாட்டி நாம ரெண்டு பேரும் இங்கதான்."

உண்மை என்னவென்றால், அந்த நிமிசம் வரை பாக்கியரத்தினம் சேருக்கும் அதிபரவளைவு விளங்கியிருக்கவில்லை. பாடமாக்கி வைத்திருந்தார். இப்போது தாளைப் பார்த்தார். மீன், ஐஸ், றாத்தல், குடும்பம். முதல் மூன்றும் உதவாது.

"தம்பி, அவர் கலியாணம் முடிச்சவரோ எண்டு கேளும்."

பாயிஸ் பயந்து பயந்து கேட்டார். அதிகாரி முறைத்தார். பிறகு தலையாட்டினார்.

சேர் F' இல் விரலை வைத்தார். "இது என்ர அம்மா வீடு." மற்ற விரலை F இல் வைத்தார். "இது மனிசியின்ர அம்மா வீடு."

சிங்களத்திலும் அம்மா அம்மாதான், அந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அதிகாரி கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"நாங்கள் வாடகைக்கு வீடு தேடுறம். மனிசி ஒரு நிபந்தனை போட்டிட்டா. எங்க எடுத்தாலும், உங்கட அம்மா வீட்டைவிட என்ர அம்மா வீடு ரெண்டு மைல் கிட்டவா இருக்கோணும். கூடவும் ஏலாது, குறையவும் ஏலாது. அப்பிடியான வீடு எங்கெங்க வரும் எண்டு புள்ளி வைச்சுக்கொண்டு போனா, இந்தா, இந்த வளைவு வரும்."

பாயிஸின் சிங்களம் முதல் தடவையாகத் தடங்கலில்லாமல் ஓடியது. அதிகாரி மற்ற வளைவைக் காட்டினார்.

"அது என்ர அம்மா போட்ட நிபந்தனை."

வாசலில் நின்றவன் சிரித்தான். அதிகாரி அவனைப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார். நடுவில் இருக்கும் கழித்தல் குறி எதற்கு என்று கேட்டார்.

"ரெண்டு தூரத்தையும் கூட்டினா நீள்வளையம் வரும், முட்டை மாதிரி. ஆனா எந்த வீட்டில கூட்டிப் பாக்கினம்? அங்க எத்தினை தரம் போனனீ, இஞ்ச எத்தினை தரம் வந்தனீ எண்டு கழிச்சுத்தானே பாக்கிறது."

"b?"

"b எண்டது மாமனார் மாதிரி. படத்தில நிக்கமாட்டார். ஆனா வளைவு எவ்வளவு விரியிறது எண்டதில அவருக்கும் பங்கிருக்கு."*

*இதை அசனாவிடம் காட்டினேன். b/a தான் அணுகுகோட்டின் சாய்வு, ஆகவே சரி என்றாள். மாமனார் பற்றித் தனக்குத் தெரியாதாம்.

அதிகாரியின் விரல் வளைவோடு போய்த் தாளின் ஓரத்தில் நின்றது. இதற்கு அப்பால் என்ன என்று கேட்டார்.

"தூரத்துக்குப் போகப் போக வளைவு நேராகிக்கொண்டு போகும். அங்கயிருந்து பாத்தா ரெண்டு வீடும் ஒரே இடத்தில இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனா அந்த ரெண்டு மைல் வித்தியாசம் அப்பிடியே இருக்கும்."

பாயிஸ் சொல்லி முடித்த பிறகும் அதிகாரி விரலை எடுக்கவில்லை. அவருடைய ஊர் தெற்கே எங்கோ தொலைவில் என்று பாயிஸ் கேள்விப்பட்டிருந்தார்.

அந்தத் தாளின் ஓரத்துக்கு அப்பால் அவர் தன்னுடைய —

[இல்லை. அவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நெஞ்சை உருக்க இதைவிட நல்ல இடம் இந்தக் கதையில் கிடையாது என்பது மட்டும் தெரியும். இருந்தாலும் விடுகிறேன்.]

பிறகு தாளை மடித்துச் சேரின் கையிலேயே கொடுத்தார். நீலத்தை மட்டும் அழித்துவிடச் சொன்னார். லொறியைத் திறந்துகூடப் பார்க்காமல் போகவிட்டார். கந்தளாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் இல்லை, மீன் பழுதாகவில்லை. சேர் இரண்டாம் பாடத்துக்குத்தான் வகுப்புக்குப் போனார். போனவர் இரண்டு அம்மாமாரையும் வைத்துப் படிப்பித்தார். அந்த வகுப்பில் அதிபரவளைவு விளங்காத பிள்ளை இல்லையாம்.

7.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் தாளைக் கொடுக்குமுன் அதிகாரி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார் என்று பாயிஸ் சொன்னார்.

"சரி, நீங்க கடைசியா எந்த வளைவுல வீடு எடுத்தீங்க?"

சேர் ஒரு பதில் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். என்ன பதில் என்று நான் கேட்கவும் பாதை வந்து சேரவும் சரியாக இருந்தது. பாயிஸ் லொறியில் ஏறிவிட்டார்.

ஆகவே மூன்று முடிவு எழுதி வைத்தேன்.

(அ) "மனிசியின்ர பக்கம்." அதிகாரி அனுதாபத்தோடு கை கொடுக்கிறார்.

(ஆ) "அம்மாவின்ர பக்கம்." அதிகாரி மரியாதையோடு கை கொடுக்கிறார்.

(இ) "வித்தியாசம் பூச்சியம் வாற நடுக்கோட்டில." அப்படி ஒரு இடத்தில் மனிசர் குடியிருக்க ஏலாது என்று அதிகாரி சொல்கிறார். இருந்தாலும் கை கொடுக்கிறார்.

எது சரி என்று கேட்க அன்புவழிபுரத்துக்கே போனேன். சேர் வேலையிலிருந்து இளைப்பாறிவிட்டார். அவருடைய மனைவி புஸ்பராணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, முழுக் கதையையும் நின்றபடியே கேட்டார். இதுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வாடகை வீடோ? இது எனக்குச் சீதனமாத் தந்த வீடெல்லோ" என்றார். "நான் எப்ப நிபந்தனை போட்டனான்?"

சேர் தேத்தண்ணியை ஊதினார்.

"அது அந்த நேரத்துக்கு வந்த கதையப்பா. உயிர் தப்ப வேணுமே."

"சரி, அது இருக்கட்டும். எந்தப் பக்கம் எண்டு சொன்னனீங்கள்?"

உள்ளறையில் ஒரு வயதான பெண்குரல் இருமி, பிறகு இருமலை நிறுத்திக்கொண்டது. யாருடைய அம்மா என்று நான் கேட்கவில்லை. பாக்கியரத்தினம் சேர் என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சென்றிக் கொட்டிலுக்குள்ளும் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று தோன்றியது. நான் அவசர வேலை ஒன்று இருப்பதாகச் சொல்லிச் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

ஆகவே பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். (அ), (ஆ), (இ) மூன்றுக்கும் கணிதத்தில் இடமுண்டு. எழுத முதல் ஒருக்கால் தலையைத் திருப்பி, உங்கள் தோளுக்கு மேலாக இதை யாராவது வாசிக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.