மைமூன் வீட்டுப் பி.பி. நம்பர்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு பாஸ்வேர்டில். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் சுவரோரம் வந்து நின்று, "சார், எங்க வீட்டு நெட் படுத்துருச்சு. உங்க வைஃபையச் செத்த நேரம் குடுங்களேன்" என்றார். கொடுத்தேன். கொடுத்த கையோடு எனக்கு என்மேலேயே ஒரு பெருமிதம் வந்தது பாருங்கள், உடனே கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்கம் தாண்டியதும் தெரிந்துபோயிற்று, அது கதையில்லை, சுயதம்பட்டம். கிழித்துப் போட்டேன்.

ஆனால் கம்பியில்லாத ஒன்றை இரண்டு வீடு பங்கு வைத்துக்கொள்கிற சங்கதி மனசை விட்டுப் போகவில்லை. அதனால் 1999க்குப் போகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது ஏதய்யா வைஃபை என்று கேட்பீர்கள். கார்ட்லெஸ் போன் இருந்ததே!

2

முதல் தொடக்கம்: கோபுரத்தின் நிழல் நீண்டு விழுந்த அந்தத் தெருவில்—

(வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவன் கோபுரத்தில் ஆரம்பிப்பான், இல்லையென்றால் பால்கோவாவில் ஆரம்பிப்பான். இரண்டுக்கும் இங்கே வேலையில்லை.)

இரண்டாம் தொடக்கம்: மைமூனுக்கு அவள் தம்பி துபாயிலிருந்து ஒரு கார்ட்லெஸ் போன் கொண்டுவந்து கொடுத்தான்.

இது பரவாயில்லை. மைமூனின் கணவர் அபுதாஹிருக்கு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் நூல் வியாபாரம். அந்தச் சந்தில் போன் இருந்தது அவர்கள் வீட்டில் மட்டும்தான். ஆகவே சந்துக்கே அதுதான் பி.பி. நம்பர்.*

* கல்யாணப் பத்திரிகையில் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டு, அருகில் பி.பி. என்று அச்சடிப்பார்கள். போன் வந்தால் அந்த வீட்டுக்காரர் ஓடிப்போய் நம்மைக் கூப்பிட வேண்டும். அவரிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

3

சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளத்தாய். அவள் கணவன் சுந்தரபாண்டியன் பட்டாளத்தில் இருந்தான். அந்த வருஷம் எல்லையில் சண்டை. அவன் போன் செய்தால், மைமூன் வீட்டு முன்னறைக்கு வெள்ளத்தாயும் வருவாள், கூடவே மாமியார் கருத்தம்மாவும் வருவாள்.

இனி எழுதப்போவது எனக்கும் கஷ்டமானது. வெள்ளத்தாய்க்கு நாலாம் மாசத்தில் கரு கலைந்துவிட்டது. சுந்தரபாண்டியனுக்குத் தெரியாது.

"துப்பாக்கியோட நிக்கிறவன்ட்ட இதச் சொல்லாதட்டி. வந்த பொறவு சொல்லிக்கிடலாம்" என்று கருத்தம்மா சொல்லிவிட்டாள். (இவளைக் கொடுமைக்காரியாக்கி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். மகன் உயிரோடு திரும்பவேண்டும் என்று பயந்த தாய், அவ்வளவுதான்.)

அடுத்த போனில் அவன் "புள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். வெள்ளத்தாய் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். போனை வைத்துவிட்டுப் போனவள் படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டதை மைமூன் பார்த்தாள்.

4

மறுநாளே மைமூன் கார்ட்லெஸின் ரிசீவரைச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

"ஏட்டி வெள்ளத்தாயி, இத காதுல வச்சுக்கிட்டு ஒங்க வீட்டுக்குள்ள நட. ங்ஙொய்னு சத்தம் எங்க வரைக்கும் வருதுன்னு பாரு."

வெள்ளத்தாய் வீட்டு அடுப்படியில் வரவில்லை. விறகு வைக்கிற இடத்தில் விட்டுவிட்டு வந்தது. மைமூன் ரிசீவரை வைக்கிற அடிக்கட்டையைத் தன் சமையலறை ஜன்னலுக்கு மாற்றினாள்.

"அக்கா! மாட்டுத் தொழுவத்துல கணீர்னு கேக்குக்கா!"

"அங்க ஒம் மாமியா வருவாகளா?"

"பால் பீச்ச மட்டுந்தான் வருவாக."

"அப்ப அங்கயே நின்னு பேசு. சொல்லுததும் சொல்லாததும் ஒம்பாடு. ஆனா பக்கத்துல ஆளு நிக்காமப் பேசு."

இந்தப் பெண்ணை நான் சந்தேகப்பட்டதுண்டு. இவ்வளவு நல்லவள் கதையில் நிற்பாளா, வாசகர் நம்புவாரா என்று ஒரு குறை தேடினேன். முன்கோபி என்று எழுதிப்பார்த்தேன். கோபத்திலும் நல்லதையே செய்து தொலைத்தாள்.

அபுதாஹிர் மட்டும் முனகினார். "போனு அடுப்படியிலயா இருக்கும்? யேவாரம் பேச அங்கயா வந்து நிப்பேன்?" முன்னறையில் பழைய போனையும் அதே லைனில் மாட்டிக்கொண்டார்.

5

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அபுதாஹிர் சாப்பிட வந்திருந்தபோது மணி அடித்தது. சுந்தரபாண்டியன்தான். "வெள்ளத்தாயக் கூப்பிடுங்கக்கா, செத்த நேரத்துல திருப்பி அடிக்கேன். இங்க வரிசையில நிக்கோம்" என்று வைத்துவிட்டான்.

ரிசீவர் சுவரைத் தாண்டியது. மறுபடி மணி அடித்தது. தொழுவத்தில் வெள்ளத்தாய் "ஏங்க..." என்பது சமையலறைக்கே கேட்டது.

யா அல்லா, இது நம்ம காதில் விழக்கூடாதே என்று மைமூனுக்குப் பதறியது. கையில் அகப்பட்ட தேங்காய்ச் சில்லை மிக்ஸியில் போட்டு ஓட்டினாள்.

"அக்கா! மிக்ஸி! மிக்ஸிய நிப்பாட்டுங்க! போனுல கர்ர்ருனு மட்டுந்தான் கேக்கு!"

மைமூன் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு ஓடினாள். அங்கே அபுதாஹிரின் கை பழைய போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எடுக்காதீக!"

"மில்லுக்கு ஒரு வார்த்தை பேசணும்டி."

"பட்டாளத்துப் போனு. அவ பேசிட்டிருக்கா. எடுத்தா நமக்கும் கேக்கும்."

அபுதாஹிர் கையை இழுத்துக்கொண்டார். சட்டையை மாட்டினார். "அப்ப நான் எஸ்டிடி பூத்துல போயிப் பேசிக்கிடுதேன்" என்று செருப்பைத் தேடினார். சொந்தப் போனை வீட்டில் வைத்துக்கொண்டு பூத்தில் போய் வரிசையில் நிற்கக் கிளம்பிய இந்த மனிதரை எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மைமூன் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

6

சிக்கல் இங்கேதான். நான் மைமூனோடு ஒட்டிக்கொண்டே கதை சொல்லி வந்தவன். அவள் கேட்காதது எனக்கும் கேட்காது.

முடிவு அ: வெள்ளத்தாய் சொன்னாள். அவன் அழுதான். வரிசையில் நின்றவர்கள்—

முடிவு ஆ: இந்தத் தடவையும் "நல்லாருக்கு" என்றாள். ஆனால் யாருக்கும் பயந்து அல்ல, தானாக—

முடிவு இ: லைன் அறுந்துவிட்டது. (சே. இது என் கோழைத்தனம்.)

மூன்றும் நான் கட்டியவை. உண்மை அந்தப் பழைய போனின் ரிசீவருக்குள் இருக்கிறது. தூக்கினால் போதும். மைமூனிடமே கேட்டேன்: "அக்கா, கையை ஒரு நிமிஷம் எடுங்க. கதைக்காகத்தான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்யா, நீ ஒம் பொண்டாட்டிகிட்டப் பேசுதத நாங்க கேக்கோமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, இவளை நானா எழுதினேன் என்று பெருமையாகவும் இருந்தது.

வெள்ளத்தாய் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்றால், மைமூன் உட்கார்ந்திருக்கிறாள், நீங்களே போய்க் கேளுங்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அபுதாஹிரோடு பூத்துக்குப் போகிறேன்.