பூஜைக்கு முந்தின நாள் அடித்த பெயிண்ட்

மத்திகிரி சாலையில் உள்ள எங்கள் பெயிண்ட் பட்டறைக்கு என் தகப்பனார் பெயர். அந்தப் பெயரில் போன சரக்கு முப்பது வருடங்களில் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. இந்த ஆயுத பூஜை முடிந்த பத்தாம் நாள் திரும்பியது. இருநூறு பேட்டரி மூடிகள். டேப்பை ஒட்டிப் பிய்த்தால் பெயிண்டும் சேர்ந்து வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் இனி ஆர்டர் கிடையாது என்று மூடிகளை வாங்கும் கம்பெனியின் தர அதிகாரி ரத்தினவேல் சொல்லிவிட்டார்.

பழி திம்மராயன் மேல் விழுந்தது. எண்ணெய் போகக் கழுவாத இரும்பில் பெயிண்ட் பிடிக்காது, கழுவுகிறவன் அவன். வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்றான் என் மகன் ஆனந்தராஜ். நானும் தலையாட்டினேன்.

"கழுவின மூடி மேல தண்ணி ஊத்திப் பாத்தேனுங்க அய்யா. எண்ணெய் இருந்தா முத்து முத்தா நிக்கும், இது விரிஞ்சு ஓடிச்சு. அப்புறந்தான் கொக்கியில காய மாட்டினேன்," என்றான் திம்மராயன்.

மருமகள் அனுப்ரியா தேதியும் நேரமும் எழுதிய சீட்டுகளைப் புரட்டினாள். உரிந்தவை எல்லாம் பூஜைக்கு முந்தின நாள் பிற்பகலில் அடித்தவை. அன்று காலையில் அடித்தவற்றில் ஒன்றும் உரியவில்லை.

"மாமா, அன்னிக்கு மத்தியானம் பெயிண்ட் சுடுற அடுப்புக் கதவெல்லாம் பளபளன்னு இருந்துச்சே. எதைப் போட்டுத் துடைச்சீங்க?"

கார் டேஷ்போர்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே. மூன்று டப்பா, என் கையாலேயே அடித்தேன். பக்கத்தில்தான் கழுவிய மூடிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதிலுள்ள சிலிக்கோன் என்ற வழுவழுப்புப் பொருள் கண்ணுக்குத் தெரியாமல் அவற்றின் மேல் படிந்திருக்கும், பெயிண்ட் இரும்பைப் பிடிக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும் என்றாள் அனுப்ரியா. நான் நம்பவில்லை. இரண்டு மூடிகளைக் கழுவி, ஒன்றின் அருகில் மட்டும் ஸ்ப்ரே அடித்து, இரண்டுக்கும் பெயிண்ட் போட்டுச் சுட்டெடுத்துக் காட்டினாள். ஸ்ப்ரே பட்டதில் டேப் பெயிண்டை வழித்துக்கொண்டு வந்தது. மற்றதில் வெறும் டேப் வந்தது.

யாரோ ஒரு வேலையாள் ஸ்ப்ரே அடித்துவிட்டதாகக் கம்பெனியில் சொல்லிக்கொள்ளலாம் என்றான் ஆனந்தராஜ். என் தகப்பனார் பெயரைப் பொய்யால் தாங்க வேண்டாம் என்று நானே கம்பெனிக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இனி பெயிண்ட் கூடத்துக்குள் எந்த ஸ்ப்ரேயும் வராது, ஒவ்வொரு முறையும் முதல் ஐந்து மூடிகளை டேப் ஒட்டிப் பார்த்த பிறகே மீதியை அடிப்போம் என்றும் சொன்னேன்.

"காரணம் தெரிஞ்சிடுச்சில்லீங்க, அது போதும். திரும்ப அடிச்சுக் குடுங்க," என்றார் ரத்தினவேல். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க தயாரிப்பு லைன்லயும் பூஜைக்கு இந்த ஸ்ப்ரேயைத்தான் அடிச்சாங்க. நான் போய்ப் பாக்கணும்," என்றார்.

பட்டறைக்குத் திரும்பி, எல்லோர் முன்னிலும் திம்மராயனிடம் தவறு என்னுடையது என்றேன்.

"சரிங்க அய்யா," என்றான். "இருநூறு மூடியும் உரிக்கணும். நீங்களும் உக்காந்தா சீக்கிரம் முடியும்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயிண்ட் சுலபமாகத்தான் உரிந்தது.