கான்கிரீட் இறுகும் வரை

வலது கன்னத்தை மழித்து முடித்து, இடது கன்னத்தில் சோப்பு நுரையைப் பரப்பிக்கொண்டிருந்தபோது அப்பாவின் தலை அவள் உள்ளங்கையில் கனத்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி மூக்கருகே. மணி பத்து இருபது.

டாக்டர் போன வாரமே கைவிரித்துவிட்டார். ஆனாலும் இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று காலையிலிருந்தே அவள் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஊரின் மறுகோடியில் அவள் கணவன் ஒரு வீட்டுக்கு ஆளுயர அஸ்திவாரச் சுவர் ஊற்றிக்கொண்டிருந்தான். கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாக எடுத்த முதல் வேலை. நடுவில் வெற்றிடம் விட்ட தெர்மாகோல் கட்டிகளை அடுக்கி, உள்ளே கம்பி கட்டி, கான்கிரீட்டை நிரப்ப வேண்டும். கட்டிகளைப் பிறகு பிரித்தெடுப்பதில்லை. சுவரோடே நின்று குளிரையும் வெக்கையையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ளும், கரண்ட் மிச்சம் என்பான். முப்பது வருஷம் குழாய் வேலை பார்த்த அப்பா கேட்டதும் சிரித்துவிட்டார். "தெர்மாகோல் டம்ளர்ல டீ குடிக்கலாம் மாப்பிள்ளை. வீடு கட்டலாமா?" அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அவன் வாசலில் நுழைந்ததும் அந்தத் தெர்மாகோல் வீட்டைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்.

போன் அடித்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"ஒரு மூலை புடைச்சுக்கிட்டு வருது. கான்கிரீட் பம்பை நிறுத்திட்டுப் பலகை அடிக்கிறோம்." மூச்சு வாங்கினான். "மாமா எப்படி இருக்கார்?"

கன்னத்தில் நுரை காய ஆரம்பித்திருந்தது.

"ஷேவ் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"கழுத்துகிட்ட பார்த்து. அவருக்கு அங்கதான் கூசும்."

போனை வைத்துவிட்டு இடது கன்னத்தை மழித்தாள். கழுத்துக்கு வந்ததும் கை தானாக மெதுவானது.

மாடியிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, இறங்கி வந்தாள். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டதும் மாப்பிள்ளைக்குச் சொல்லியாச்சா என்று கேட்டாள். இல்லை என்றதும் போனை எடுத்தாள். இவள் அதன்மேல் கையை வைத்து அழுத்தினாள்.

"பாதியில போட்டுட்டு ஓடி வந்துடுவார் அத்தை. அதுக்குள்ள ஊத்தினது இறுகிடும். மேல ஊத்துறது அதோட சேராது."

"நாளைக்கு உன்னைக் கேப்பாருடி. அப்ப என்ன சொல்லுவே?"

அத்தை போனை அங்கேயே விட்டுவிட்டு ஜன்னல் கதவைச் சாத்தினாள். அக்கம்பக்கத்துக்கு இப்போதே தெரிய வேண்டாம் என்பதுபோல.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. சுவர் பிய்த்துக்கொண்டிருக்குமோ? அந்த மூலைக்குக் கீழே யாராவது நின்றிருப்பார்களோ? தானே கூப்பிடலாமென்று எண்ணை அழுத்தினாள். உயரத்தில் நின்றுகொண்டு ஒற்றைக் கையால் எடுப்பானே என்று தோன்ற, மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். அப்பாவின் போர்வையை நான்காவது முறையாக இழுத்துச் சரிசெய்தாள்.

ஒன்றே முக்காலுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். முழங்கை வரை சாம்பல் நிறம், புருவத்திலும் தெறித்திருந்தது.

"சுவர் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. நூல் பிடிச்ச மாதிரி நிக்குது." சிரித்தான். "மாமாகிட்ட சொல்லணும்."

அவள் வழியை விட்டு விலகி நின்றாள். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே போனான். கட்டிலருகே நின்றவன், குனிந்து, புறங்கையால் அந்த வழுவழுத்த கன்னத்தைத் தொட்டான்.

"எப்போ?"

"நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே."

அவன் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. பின்கட்டுக்குப் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழுவது நிற்கவே இல்லை.

வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரக் கான்கிரீட் தடங்கள். அப்புறம் துடைச்சுக்கலாம் விடு என்றாள் அத்தை. அவள் கேட்கவில்லை. துணியை நனைத்து எடுத்துவந்து, மண்டியிட்டு, வாசலிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். கட்டிலை ஒட்டி அருகருகே பதிந்திருந்த கடைசி இரண்டையும் மட்டும் துடைக்கவில்லை. அவை ஓரத்திலிருந்து காய்ந்து வெளுத்துக்கொண்டு வந்தன.