பிரேக் குழாயில் ஒரு கொப்புளம்

…பெயிண்ட் அடித்ததில் என்ன தப்பு, வண்டியை அழுக்கோடு கொண்டுவந்து நிறுத்துகிற குடும்பமா நாங்கள், மேலே பளபளப்பும் அடியில் துருவுமாக ஓட்டித் திரிகிறவர்கள் வேறு ஆட்கள், நான் போன வாரம் ஒரு நாள் முழுக்க என் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து அச்சு, கம்பி, குழாய் என்று ஒன்று விடாமல் கறுப்பு அடித்தேன், வண்டிக்கு மாப்பிள்ளை அலங்காரமா என்று வீட்டுக்காரி சிரித்தாள், சிரிக்கட்டும், இப்போது வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுக்கிற இந்தப் பரிசோதகர் பெண், என் மகளைவிட நாலைந்து வயது சின்னவளாகத்தான் இருப்பாள், பரிசோதனைக் குழிக்குள் நின்றுகொண்டு டார்ச்சை மேலே பிடித்து, "இதுக்கெல்லாம் யாருங்க பெயிண்ட் அடிச்சது?" என்கிறாள், "நான்தான், ஏன், சரியா இல்லையா?" என்றேன், என் குரலில் இருந்த நிமிர்வு எனக்கே கேட்டது, "ரொம்பச் சரியா இருக்குங்கய்யா, அதான் பிரச்சினை, கீழ இறங்கி வந்து பாருங்க" என்றாள். பிடித்துக்கொள்ளக் கை நீட்டினாள், நான் பிடிக்கவில்லை, ஐந்து படி, நானே இறங்கினேன்.

இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டுகிறேன், ஒரு தடவைகூட இங்கே திருப்பி அனுப்பப்பட்டதில்லை, தெருவில் எல்லோருக்கும் தெரியும், நாளைக்கு மகளின் மாமனார், மாமியார், நாத்தனார், எல்லோரும் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், ரயிலடியிலிருந்து மலைச்சாலை வழியாக என் சொந்த வண்டியில் நானே அழைத்து வருகிறேன் என்று வாயால் சொல்லியாயிற்று, சொன்ன சொல்லை மாற்றி வாடகைக் கார் பிடித்து அனுப்பினால் என்ன நினைப்பார்கள்… அவள் டார்ச் வெளிச்சத்தைப் பின்னச்சுக்கு மேலே ஒரு குழாயில் நிறுத்தினாள். பென்சில் பருமன்கூட இல்லை. "துரு எல்லாமே தப்பில்லீங்கய்யா, மேலாப்புல படர்ந்தது துடைச்சா போயிடும், உள்ள அரிச்சிருக்கான்னுதான் பாக்கணும், நீங்க பெயிண்ட் அடிச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்க" என்றாள், கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அவளோ கண் டாக்டர் மாதிரி அண்ணாந்தபடியே சொன்னாள், பிறகு, "இங்க பாருங்க" என்று விரல் வைத்த இடத்தில் என் கறுப்பு பெயிண்ட் மிளகளவு கொப்பளித்திருந்தது, அவள் தொட்டதும் பாலாடை போல வழுக்கிக்கொண்டு வந்தது, அடியில் செதில் செதிலாகத் துரு, ஈரம். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடுமாம். இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது. நான் மேலே பூசப் பூச உள்ளேயிருந்து ஒன்று அதை உரித்துக்கொண்டே இருந்திருக்கிறது, சத்தமில்லாமல், அவசரமில்லாமல்… பயமாக இல்லை, வேறென்னவோ, பெரிய அணைக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது. பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வருகிறேன், என் காலின் அழுத்தம் முழுவதும் இந்தச் சின்னக் குழாய்க்குள் இருக்கிற ஒரு மடக்கு எண்ணெய் வழியாகத்தான் சக்கரங்களுக்குப் போகிறது, அது போய்ச் சேரும் என்று நம்பித்தானே பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினேன், இதை இன்றுவரை பெயிண்ட் அடிக்க வேண்டிய ஒரு கம்பியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"காலைல வண்டி கழுவினீங்களா?" என்று கேட்டாள். கழுவாமல் கொண்டுவருவேனா. அப்படியானால் இந்த ஈரம் தண்ணீராகவும் இருக்கலாம், எண்ணெயாகவும் இருக்கலாம், விரலில் தேய்த்துப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், வெள்ளைத் தாளால் குழாயை ஒற்றித் துடைத்தாள், "இஞ்சின போட்டு பிரேக்கை மிதிங்க, ஒரே அழுத்தமா, நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க, பெடல் நிக்குதா, மெல்ல இறங்குதான்னு நீங்கதான் சொல்லணும், இறங்கினா எண்ணெய் எங்கயோ கசியுதுன்னு அர்த்தம்" என்றாள்.

நானா சொல்ல வேண்டும்… ஏறி உட்கார்ந்தேன், மிதித்தேன், நின்றது. நின்றுவிட்டதே என்று நெஞ்சு நிமிர்ந்த அந்த நொடியில் கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ ஒரு நெகிழ்வு, தூங்குகிற குழந்தையின் தலை தோளில் சரிவது போல, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு… இறங்குகிறது. இது என் காலுக்கு மட்டும்தான் தெரியும், உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. என்னோடு வந்து வெளியே காத்திருந்த மகன் ஜன்னலோரம் வந்து குனிந்து மெல்ல, "நிக்குதுன்னு சொல்லுங்கப்பா, நாளைக்கு ஒரு நாள் போகட்டும், மறுநாளே நான் மாத்திடறேன்" என்றான், அவனைத் திரும்பிப் பார்த்தேன், நரை தட்டிய மீசை, என் மூக்கு, என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறான், நான் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறான், என்னை இத்தனை நாளாக இப்படியா தெரிந்து வைத்திருக்கிறான்…

"என்னங்கய்யா, நிக்குதா?"

"இறங்குதும்மா."

மகன் ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். "அப்படியே வச்சிருங்க" என்றாள், கொஞ்ச நேரத்தில், "வருதுங்கய்யா, ஒரு சொட்டு, உருண்டையா, அழகா நிக்குது, இனி இந்த வண்டிய இங்கேருந்து ஓட்டிட்டுப் போகக் கூடாது, கட்டித்தான் இழுத்துட்டுப் போகணும்" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது, அழகாக என்றா சொன்னாள், ஆமாம், அவ்வளவு பெரிய விஷயம் அவ்வளவு சின்னதாகத்தான் வரும் போலிருக்கிறது, "சரி, காலை எடுத்துடுங்க" என்றாள், எடுத்தேன், எடுத்த கால் என்னைக் கேட்காமல் மறுபடியும் ஒரு தரம் மிதித்தது. "எடுக்கச் சொன்னேனே!" என்றாள். எடுத்துவிட்டேனே அம்மா, இது பழக்கம்… பழக்கமா? பள்ளிக்கூடத்து வளைவில், பாலத்து இறக்கத்தில், பேரப்பிள்ளைகள் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, ஒரு மிதி, உடனே இன்னொரு மிதி, ஒன்று போதாது என்று இந்தக் காலுக்கு யார் சொன்னது, எத்தனை மாதமாக இரண்டு மிதி மிதித்துக்கொண்டிருக்கிறேன், மகன் பார்த்துக்கொண்டே நின்றான், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாது என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் என் காலுக்குத் தெரிந்திருக்கிறதே…