புழு தெரியும் கண்

ஹோட்டல் சமையற்காரர் தர்மலிங்கத்துக்கு 2014ஆம் ஆண்டு ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து, சுவருக்கு அப்பால் இருக்கும் இலைகளிலும் பழங்களிலும் உள்ள புழு பூச்சிகள் தெரியத் தொடங்கின. குளிர்பெட்டியைத் திறக்குமுன்பே பச்சையாகத் தின்னும் சலாது இலையின் நரம்போடு பச்சைப் பேன்கள் ஊர்வதும், ராஸ்பெரியின் குழிக்குள் வெள்ளைப் புழு நெளிவதும் தெரிந்துவிடும். சாப்பிட வந்தவர்களிடம் போய்ச் சொன்னார், வேலை போயிற்று. பஸ்ஸில் யாரேனும் ஆப்பிளைக் கடித்தால் ஓங்காளித்தபடி இறங்கிவிடுவார். இரண்டு வருடத்தில் காற்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தார்.

பிறகு ஒஸ்லோ யூதர்களின் தொழுகைக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. முதல் நாள், அங்கே மேற்பார்வை பார்க்கும் மிரியம் சலாது இலைகளை ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே தர்மலிங்கம், மூன்றாவது இலையின் அடியில் இரண்டு என்றார். இருந்தன. மிரியம் வியக்கவில்லை. தங்கள் சட்டப்படி ஒரு பூச்சியை விழுங்குவது பன்றி தின்பதைவிட மோசம் என்று சொல்லி, அடுத்த பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். தன் குமட்டலை எப்போதோ சட்டமாக எழுதி வைத்துவிட்ட மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது தர்மலிங்கத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

யூதராக வேண்டும் என்று கேட்டார். அவர்களுடைய மதகுருவான ராபி வழக்கப்படி மூன்று முறை திருப்பி அனுப்பினார்; நான்காம் முறை படிக்கச் சொன்னார். படிப்பு நான்கு வருடம் பிடித்தது.

"அருவருப்பு வாறதெண்டு ஆராவது சமயம் மாறுவினமே அண்ணா?" என்றாள் தங்கை ராகவி.

"அருவருப்பு முந்தியும் இருந்தது. அது எதுக்கெண்டு அங்கைதான் சொல்லிச்சினம்."

2023 வசந்தத்தில் ராகவி அவரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். ஐந்து நிமிட லேசரில் எல்லாம் மறைந்துவிடுமாம். அவருக்கும் ஆசைதான், ஒன்பது வருடமாக ஒரு மாம்பழத்தை வாய் கூசாமல் தின்றதில்லை. அன்று யூதர்களின் பாஸ்காப் பண்டிகை விருந்து நாள். கட்டிலில் மல்லாந்து படுத்தவருக்கு, மாலையில் சபையார் சடங்குக்குக் கசப்பு இலையாக உண்ணவேண்டிய சலாதுகள் ஊருக்கு அந்தப் பக்கம் பெட்டிபெட்டியாகத் தெரிந்தன. எல்லாவற்றிலும் ஊர்ந்தன.

"எழும்பு பிள்ளை, எனக்கு வேலை கிடக்கு," என்று இறங்கினார்.

பொழுது சாயும்வரை தொழுகைக்கூடச் சமையலறையில் இலை பார்த்தார். இரண்டு தடவை வாந்தி எடுத்தார். வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். குமட்டல் துளியும் குறையவில்லை. மருத்துவரிடம் மறுபடி போகவுமில்லை.

இப்போது பாஸ்கா வாரத்தில் ட்ராம் தரிப்பிடங்களில் சபையார் சிலர் சலாதுக் கட்டை அவர் வீட்டுப் பக்கமாக உயர்த்திப் பிடித்து நிற்பார்கள். எத்தனையாவது இலை என்று அவரிடமிருந்து கைபேசியில் செய்தி வரும். அதைக் கிள்ளி எறிந்துவிட்டு ட்ராமில் ஏறுவார்கள்.